யோகமலர் வந்து சேர்ந்தாளா?

ரொறன்ரோ
5 ஒக்டோபர் 1997

புனிதவதி அவர்களுக்கு,

சுகம் கேட்டுத் தொடங்கவேண்டும். இன்று எனக்கு அந்தப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

போன ஞாயிறு யூனியன்வில்லில் பேபி அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்களை இங்கே கொண்டுவரக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரனின் ரெலிபோன் வந்தது. அக்காதான் எடுத்தார். மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்க, "ஆறு பேர் ஏறினவையாம். உன்ரை பொம்பிளை மட்டும் ஏறேல்லையாம்" என்றார். நான் சோற்றை விட்டு எழும்பிக் கை கழுவினேன்.

கிரீசில் பத்ராஸ் துறைமுகம் வரைக்கும் போயிருக்கிறீர்கள். லொறிக்குள் கால் வைத்தும் இருக்கிறீர்கள். பிறகு இறங்கி, வேலை செய்கிற அந்த மலைக் கிராமத்துக்கே திரும்பிப் போய்விட்டீர்கள். ஏன் என்று ஏஜென்சிக்காரனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஜனவரியில் கலியாணம் என்று இங்கே மண்டபம் பேசியாயிற்று. வேலையிடத்தில் ஆட்கள் தினமும் கேட்கிறார்கள், "பொம்பிளை எங்கை நிக்கிறா?" என்று. என்ன சொல்ல?

ரெலிபோனில் மூன்று முறை பேசியிருக்கிறோம். மூன்று முறையும் 'ஓம்', 'இல்லை', 'வைக்கட்டே' என்பதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள் என்று விளங்குகிறது. ஆகவே எழுதுங்கள்.

சம்பந்தம் பேசும்போது பேபி அக்கா என்னைப் பற்றிக் கூட்டித்தான் சொல்லியிருப்பார். உள்ளது இதுதான்: வயது முப்பத்தாறு. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ட். தலைமயிர் படத்தில் இருப்பதைவிடக் குறைவு. என்னைப் பிடிக்கவில்லை என்றால் அதை எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். பயம் என்றால் அதையும் எழுதுங்கள், ஏதாவது செய்யலாம். ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்ரீஸ்கந்தராசா


டிமிட்சானா, கிரீஸ்
20 ஒக்டோபர் 1997

மதிப்புக்குரிய ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நேராகக் கேட்டிருக்கிறீர்கள். நானும் நேராகவே எழுதுகிறேன்.

உங்களைப் பிடிக்காமல் நான் இறங்கவில்லை. ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒருவரைப் பிடிப்பது எப்படி, பிடிக்காமல் போவது எப்படி? எனக்குப் பிடிக்காமல் போனது அந்த லொறியை.

திராட்சைப்பழம் ஏற்றுகிற குளிர்லொறி அது. பழப்பெட்டிகளை முன்னுக்கு அடுக்கி, அதற்குப் பின்னால் ஆட்கள் குந்தியிருக்க ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். ஏறியவுடன் நான் தேடியது கதவின் உட்பக்கக் கைபிடியை. அது இல்லை. ஏஜென்சியின் ஆளிடம், "உள்ளுக்கிருந்து எப்பிடித் திறக்கிறது?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "நீங்கள் ஏன் திறக்கவேணும்? இத்தாலியிலை நாங்கள் திறந்துவிடுவம்" என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு இறங்கினேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. கால்கள் இறங்கின, நான் பின்னால் போனேன்.

என்னோடு நின்ற யோகமலர் ஏறிவிட்டாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாக எழுதவேண்டும். ஏதென்ஸில் ஏஜென்சிக்காரன் எங்களை அடைத்து வைத்திருந்த அறையில் பழக்கமானோம். 'பாதை திறக்குமட்டும் எங்கையாவது வேலை பாருங்கோ' என்று அவன் கைவிட்டபோது இரண்டு பேருமாகத்தான் இந்த ஊருக்கு வந்தோம். ஒரு வருடம் ஒரே அறை. அவளுக்கு இருபத்துமூன்று வயது. இரவில் பாட்டுப் பாடாமல் படுக்கமாட்டாள். அவளுடைய அண்ணன் பஸ்ரியன் உங்கள் டோர்செட் பார்க்கில்தான் இருக்கிறார். கெனடி றோட் பக்கம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் வந்து சேர்ந்தாளா என்று எனக்கு ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. ஏஜென்சிக்காரனிடம் கேட்டால் ரெலிபோனை வைத்துவிடுகிறான். தயவுசெய்து பஸ்ரியன் அண்ணையைத் தேடிப் பிடித்து, யோகமலர் வந்து சேர்ந்தாளா என்று கேட்டு எழுதுங்கள். எனக்கு நீங்கள் செய்கிற முதல் உதவியாக இருக்கட்டும்.

இங்கே என்ன செய்கிறேன் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். வசிலிகி என்கிற அம்மா ஒருவரின் விருந்தினர் விடுதி இது. ஆறு அறைகள். நானும் அவரும்தான். அவருக்கு முழங்கால் ஏலாது. அதனால் சமையல், கூட்டல், துடைப்பதோடு, வருகிற ஆட்களை மலைப்பாதையில் கூட்டிக்கொண்டு போவதும் என் வேலை. ஊர் ஒரு முகட்டில் இருக்கிறது. கீழே லூசியோஸ் என்று ஓர் ஆறு, செங்குத்தான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அதன் இரண்டு பக்கப் பாறைகளிலும் பழைய மடங்கள். புரோட்ரோமு என்கிற மடத்தைக் குளவிக்கூடு மாதிரிப் பாறையில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது யோகமலர், "அக்கா, இது விழாதோ?" என்று கேட்டாள். நானூறு வருடத்துக்கு மேலாக விழவில்லையாம்.

அவளைப் பற்றி உடனே எழுதுங்கள்.

புனிதவதி


ரொறன்ரோ
16 நவம்பர் 1997

புனிதா,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பதில் எழுதப் பிந்திவிட்டது. அச்சகத்தில் கிறிஸ்மஸ் வேலை, இரண்டு ஷிஃப்ட்.

யோகமலர் வந்து சேர்ந்துவிட்டா. பஸ்ரியனின் வீட்டுக்குப் போய் விசாரித்தேன். சுகமாக இருக்கிறா. நீர் யோசிக்கத் தேவையில்லை.

ஆகவே லொறியைப் பற்றி நீர் பயந்தது வீண்பயம் என்று இப்போது விளங்கும். ஏறினவர்கள் வந்துவிட்டார்கள். ஏஜென்சிக்காரனுடன் நேற்றுப் பேசினேன். டிசெம்பர் நடுப்பகுதியில் இன்னொரு முறை அனுப்புகிறானாம். இந்த முறை நல்ல ஆட்களாம். பேபி அக்காவும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நீர் ஆயத்தமாக இரும். குளிர் உடுப்பு இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்ளும்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. எல்ஸ்மியரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காது விறைக்கிறது. அப்பார்ட்மென்ட் சுவருக்கு இளம்பச்சை நிறம் அடித்திருக்கிறேன். உமக்குப் பிடிக்காவிட்டால் மாற்றலாம்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. டிசெம்பரை விட்டால் இனி எப்போது என்று சொல்ல ஏலாது.

ஸ்ரீ


டிமிட்சானா
2 டிசெம்பர் 1997

ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் இரண்டாவது பந்தியை வாசித்துவிட்டு நான் சமையலறைக்கு ஓடினேன். வசிலிகி அம்மாவுக்கு என் கிரேக்கம் முழுதாக விளங்கவில்லை. 'யோகமலர்', 'கனடா' என்ற இரண்டு சொல்லும் விளங்கின. என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த நாள் பனியோடு பனியாகப் புரோட்ரோமு மடத்துக்கு நடந்துபோய் அவளுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். நான் சைவம். அவள் வேதக்காரி, மாதா கோயில் பிள்ளை. அங்கே போகும்போதெல்லாம் அவள் கொளுத்துவாள், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த முறை அவளுக்குப் பதிலாக நான்.

மலையிலிருந்து இறங்கி வரும்போதுதான் யோசனை வந்தது. அவள் ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை? விலாசம் அவளுக்குத் தெரியும். எழுதுவேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு போனவள். இதற்குள் ஒரு கடிதம் மடித்து வைத்திருக்கிறேன், அவளிடம் கொடுங்கள். இரண்டு வரி அவள் கையெழுத்தில் வரட்டும். அதன் பிறகு டிசெம்பரைப் பற்றிப் பேசுவோம். அதற்கு முன்னால் நான் எந்த லொறியிலும் ஏறமாட்டேன். ஏஜென்சிக்காரனிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு செய்தி. விசா இல்லாமல் இருக்கிற வெளிநாட்டு ஆட்களை ஜனவரியிலிருந்து பதியப்போகிறார்களாம். பதிந்தால் ஒரு வெள்ளை அட்டை, பிறகு பச்சை அட்டை. இப்போது பொலிஸ் ஜீப் வந்தால் நான் நிலவறைக்குள் இறங்கி வெங்காயச் சாக்குகளுக்குப் பின்னால் நிற்கிறேன். அட்டை கிடைத்தால் வாசலிலேயே நிற்கலாம். 'நீ பதியவேண்டும்' என்று வசிலிகி அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார்.

உங்களுக்குக் கனடாப் பாஸ்போட் இருக்கிறது. நான் வர ஏலாது, நீங்கள் வரலாம். வந்து என்னைப் பாருங்கள். நான் இருக்கிற இடத்தையும் பாருங்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருமாக முடிவெடுப்போம்.

முதல் கடிதத்தில் 'நீங்கள்' என்று எழுதினீர்கள். இரண்டாவதில் 'நீர்' என்று மாறிவிட்டது. யோகமலர் வந்து சேர்ந்த சந்தோசத்தில் மாறியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

புனிதவதி


ரொறன்ரோ
4 ஜனவரி 1998

புனிதா,

டிசெம்பரும் போய்விட்டது. மண்டபத்துக்குச் சொல்லித் தேதியை மாற்றியாயிற்று. ஏஜென்சிக்காரன் பேபி அக்காவிடம் என்ன சொன்னான் தெரியுமா? "அந்தப் பிள்ளைக்கு அங்கை வேறை ஆள் இருக்கு. அதுதான் வராதாம்" என்றான். அக்கா அதை அப்படியே எனக்குச் சொன்னார். இல்லை என்று சொல்லவும் உம்மைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அப்படி ஒருவர் இருந்தால் எழுதிவிடும். என்னைப் பனிக்குள் நிறுத்தி வைத்திருக்கவேண்டாம்.

யோகமலருக்கு உம்முடைய கடிதத்தைக் கொடுத்தேன். அவ வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டா. வந்த புதிதில் எல்லாருக்கும் இப்படித்தான், எழுத நேரம் கிடைக்காது. அதையே பிடித்துக்கொண்டு நிற்கவேண்டாம்.

வெள்ளை அட்டை எதற்கு? அங்கேயே இருக்கப்போகிற ஆட்கள் அல்லவா அதை எடுப்பது?

வரச் சொன்னீர். வாறன். மார்ச்சில் ஒரு கிழமை லீவு கிடைத்திருக்கிறது. மடம் பார்க்க வரவில்லை. உம்முடைய வாயால் ஓம் அல்லது இல்லை கேட்க வருகிறேன்.

ஸ்ரீ


டிமிட்சானா
29 மார்ச் 1998

ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

நீங்கள் போய் மூன்று நாள். இந்த மூன்று நாளும் வசிலிகி அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் அறையை மட்டும் தானே கூட்டினார். நடந்ததை நான் கண்டபடி எழுதுகிறேன். நீங்கள் வேறு மாதிரிக் கண்டிருக்கலாம். ஆனால் இது எழுத்தில் இருக்கவேண்டும், பிறகு ஒருவரும் மாற்ற ஏலாதபடி.

முதல் இரண்டு நாளும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பஸ்ஸால் இறங்கியவுடன் நீங்கள் என்னைப் பார்த்து, "படத்தை விட மெலிஞ்சுபோனீர்" என்றீர்கள். "நீங்களும் படத்தை விட மொட்டை" என்றேன். சிரித்தீர்கள். வசிலிகி அம்மாவின் அலுமாரிக் கதவைக் கேட்காமலே திருத்திக் கொடுத்தீர்கள். ஆற்றோரத்துத் தண்ணீர் ஆலைக்குப் போனபோது, வெடிமருந்து இடிக்கிற உலக்கைகளை ஆறு எப்படித் தூக்கிப் போடுகிறது என்று குந்தியிருந்து பார்த்தீர்கள். இந்த ஊர் அந்தக் காலத்துச் சண்டைக்கு வெடிமருந்து இடித்துக் கொடுத்த ஊர் என்று நான் சொன்னதை விட அந்தச் சக்கரம்தான் உங்களுக்குப் பெரிதாக இருந்தது. மெஷினை மதிக்கிற மனிதர் என்று நினைத்தேன். ஓம் சொல்லிவிடுவேன் போல இருந்தது. அதனால்தான் பயம் வந்தது. சொல்வதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தேன்.

யோகமலரின் பதிலை வீட்டில் மறந்து விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் பெட்டியின் பூட்டைப் பார்த்தீர்கள்.

மூன்றாம் நாள் புரோட்ரோமு மடம். இளம் துறவி ஒருவர் தண்ணீரும் கோப்பியும் சீனி தூவிய லுக்குமி என்கிற இனிப்பும் கொண்டுவந்து வைத்தார். பாறைக்கு வெளியே நீட்டியிருக்கிற அந்த மரப் பல்கனியில் நின்றோம். கீழே பார்க்க உங்களுக்குத் தலைசுற்றியது. சுவரோடு ஒட்டி நின்றீர்கள். நான் கேட்டேன்:

"யோகமலரின்ரை கால் இப்ப எப்பிடி? நொண்டுறது குறைஞ்சிட்டுதோ?"

"ஓம் ஓம். இப்ப நல்லா நடக்கிறா."

ஒரு கணமும் யோசிக்கவில்லை நீங்கள். விரலில் இருந்த சீனியைத் தட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

யோகமலர் ஒருநாளும் நொண்டியதில்லை. இந்தப் பாதையில் என்னை விட வேகமாக ஏறினவள் அவள்.

 ஆற்றுக்கு இறங்குகிற பாதையில் முன்னால் நடந்தேன். நீங்கள் பின்னால் வந்தீர்கள், நகரத்துச் சப்பாத்தோடு, வழுக்கி வழுக்கி. பனி உருகி ஆறு பெருகியிருந்தது. பாலத்தில் நின்று, "யோகமலர் எங்கை?" என்று கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று காதைக் காட்டினீர்கள். திரும்பவும் கேட்டேன். மூன்றாம் தரம் கத்தினேன். அப்போது நீங்கள் சொன்னது, "உம்மடை நன்மைக்குத்தான் சொன்னனான்."

"இருக்கிறாளோ, இல்லையோ?"

நீங்கள் ஆற்றைப் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் மறுகரையில் ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. பழைய பிலோசோபு மடத்தின் இடிந்த சுவர்களுக்குள் போய் நின்றேன். ஆயிரம் வருடத்துக்கு முந்திய மடம் அது. அக்கரையில் நின்று பார்த்தால் பாறை எது, சுவர் எது என்று பிரிக்க ஏலாது. ஒளிந்து வாழ வந்தவர்கள் கட்டியது. வருகிறவர்களுக்கு அங்கே நின்று நான் கதை சொல்வேன், துருக்கியர் காலத்தில் இங்கே ஒளித்து வைத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததாக ஊரில் சொல்லுவார்கள் என்று. 

கன நேரத்துக்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள். காற்சட்டை கிழிந்து, உள்ளங்கையில் இரத்தம். என் தலைத்துணியால் கட்டிவிட்டேன். நாயோ மனிதரோ, இரத்தம் ஓடினால் கட்டவேண்டும். மழை விடும்வரைக்கும் ஒரே பாறைக்குக் கீழே இருந்தோம். நீங்கள் வாயைத் திறப்பீர்கள், மூடுவீர்கள். பொழுதுபட ஊருக்குத் திரும்பினோம். காலையில் உங்கள் பஸ் போகும் சத்தம் சமையலறைக்குக் கேட்டது.

இப்போது கேட்கிறேன். அவளுக்கு என்ன நடந்தது? எங்கே அவளை வைத்திருக்கிறார்கள்? உங்களுக்கு அது எப்போது தெரியும்? டிசெம்பரில் உங்கள் சொல்லை நம்பி நான் ஏறியிருந்தால்?

புனிதவதி


ரொறன்ரோ
13 ஏப்ரல் 1998

புனிதவதி அவர்களுக்கு,

'நீர்' என்று எழுதுகிற உரிமை இனி எனக்கு இல்லை.

உங்கள் முதல் கடிதம் கிடைத்த அந்தச் சனிக்கிழமையே பஸ்ரியனைத் தேடிப் போனேன். கெனடி றோட்டில் எங்கள் கட்டடத்துக்கு மூன்றாவது கட்டடம். ஆறாம் மாடியில் லிஃப்ட் திறந்தவுடன் செபம் படிக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்து கிடந்தது. நிலத்தில் விரிப்புப் போட்டு ஆட்கள் இருந்தார்கள். மேசையில் ஒரு படம், முன்னால் மெழுகுதிரி. 'யோகமலர்' என்று எழுதியிருந்தது. உங்கள் கடிதம் என் ஜக்கெற்றுக்குள் இருந்தது.

பக்கத்தில் இருந்த ஒருவர்தான் சொன்னார். இத்தாலியில் பாரி துறைமுகத்தில் லொறியைத் திறந்தபோது ஆறு பேரும் மயங்கிக் கிடந்தார்களாம். யோகமலர் மட்டும் எழும்பவில்லை. காற்றுப் போதவில்லை என்று டொக்டர் எழுதிக் கொடுத்தாராம். பஸ்ரியனுக்கு அப்போது பயணம் செய்யப் பேப்பர் இல்லை. அந்த ஊர்க் கோயில் ஆட்களே அடக்கம் செய்திருக்கிறார்கள். "நீங்கள் ஆர்?" என்று பஸ்ரியன் என்னைக் கேட்டார். "கேள்விப்பட்டு வந்தனான்" என்றேன். கோப்பி தந்தார், குடித்தேன்.

இரண்டு கிழமை எழுதி எழுதிக் கிழித்தேன். பேபி அக்கா, "உள்ளதை எழுதினால் அவள் வரவே மாட்டாள். வந்த பிறகு சொல்லு, அழுதுபோட்டு விடுவாள்" என்றார். பழியை அக்காவின் தலையில் போடவில்லை. எழுதியது என் கை.

உங்கள் கடைசிக் கேள்வி. டிசெம்பரில் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். யோசித்தேன். யோசித்தும் அந்தக் கடிதத்தை அனுப்பினேன். நானும் ஜெர்மனி எல்லையை ஒரு வான் வண்டியின் இருக்கைக்கு அடியில் படுத்துக் கடந்தவன். முகத்துக்கு மேலே ஒருவன் காலை வைத்துக்கொண்டு இருந்தான். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் வந்தவனுக்கு அது வெறும் பாதையாகத்தான் தெரியும். உங்களுக்கும் ஒன்றும் நடக்காது என்று நம்ப விரும்பினேன். அந்தப் பாறைக்குக் கீழே இருந்தபோது சொல்ல வாயெடுத்தது இதைத்தான். சொன்னால் நியாயம் கேட்பதுபோல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு பஸ்ரியனிடம் போனேன். அவருடைய தங்கச்சியோடு ஒரு வருடம் ஒரே அறையில் இருந்த பிள்ளை கிரீசில் இருக்கிறா என்றும், அதை நவம்பரிலேயே தெரிந்துகொண்டு மறைத்தேன் என்றும் சொன்னேன். அவர் கையில் தேத்தண்ணி இருந்தது. அதை வைத்துவிட்டு எழும்பிக் கதவைத் திறந்தார். "போங்கோ" என்றார். நான் லிஃப்ட்டுக்கு நிற்கும்போது பின்னால் ஓடி வந்து, "அந்தப் பிள்ளையின்ரை நம்பரைத் தாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். 

மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேபி அக்கா என்னோடு பேசுவதில்லை.

என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. நீங்கள் வெள்ளை அட்டை எடுங்கள். நான் அங்கே வந்து முறையாகப் பதிவுத் திருமணம் செய்து, முறையாகக் கூப்பிடுகிறேன். எத்தனை வருடம் எடுத்தாலும் எடுக்கட்டும். ஒளிப்பும் இல்லை, லொறியும் இல்லை. ஓம் என்றாலும் இல்லை என்றாலும் எழுதுங்கள். எப்படி எழுதினாலும் பிழை என்னுடையது.

ஸ்ரீஸ்கந்தராசா


டிமிட்சானா
24 மே 1998

ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும். அதனால்தான் இத்தனை நாள் விட்டேன்.

வெள்ளை அட்டை கிடைத்துவிட்டது. என் பாஸ்போட் ஏஜென்சிக்காரனிடம் இருந்தது உங்களுக்குத் தெரியும். வசிலிகி அம்மா ஏலாத முழங்காலோடு ஏதென்ஸுக்கு என்னோடு பஸ்ஸில் வந்தார். அவனுடைய வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, தருமட்டும் போகமாட்டேன் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். பயந்து கொண்டுவந்து கொடுத்தான். போன செவ்வாய் பொலிஸ் ஜீப் வந்தபோது நான் வாசலில் நின்று பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். 

பஸ்ரியன் அண்ணை உயிர்த்த ஞாயிறு கழிந்து ரெலிபோன் எடுத்தார். தன்னை யார் என்று சொல்லவே அவருக்கு நேரம் எடுத்தது. பிறகு கனநேரம் பேசினோம். அவள் இங்கே என்ன சாப்பிட்டாள், யாரோடு சண்டை பிடித்தாள், என்ன பாட்டுப் பாடினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புரோட்ரோமு மடத்துத் துறவிகள் அவளுடைய பெயரைச் சொல்ல ஏலாமல் 'யோகா' என்று கூப்பிட்டதைச் சொன்னபோது சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் அதைக் கேட்டார்.

"தங்கச்சி, ஏறேக்கை அவள் பயந்தவளோ?"

"இல்லை அண்ணை. பயப்பிடேல்லை. எனக்குக் கை காட்டிப்போட்டுத்தான் ஏறினவள்" என்றேன்.

உண்மை அது இல்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களும் வாங்கோ, நான் தனியப் போகமாட்டன்" என்று அழுதாள். நான் இறங்கு என்று அவளை இழுத்தேன். அண்ணன் காத்திருக்கிறார், இறங்க ஏலாது என்றாள். ஏஜென்சியின் ஆள் எங்கள் இரண்டு பேரின் கையையும் பிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

அன்று படுக்கும்போது நான் உங்களைத்தான் நினைத்தேன். உங்களைத் திட்டித் திட்டி எழுதிய நானும் பொய் சொல்லிவிட்டேன். ரெலிபோனில் ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது பொய் எவ்வளவு சுகமாக வாயில் வருகிறது என்று விளங்கியது. ஆகவே நீங்கள் பொய் சொன்னதற்காக உங்களை நான் இனி வெறுக்கவில்லை. அதை நீங்கள் நம்பலாம்.

ஆனால் இரண்டு பொய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிழமை பார்த்தேன். என் பொய், நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியது. அதைக் கேட்டுவிட்டு பஸ்ரியன் அண்ணை நித்திரை கொள்ளப் போனார். உங்கள் பொய்யைக் கேட்டுவிட்டு நான் அதே ஆட்களின் லொறியில் ஏறியிருக்கலாம்.

நீங்கள் கெட்ட மனிதர் இல்லை. பஸ்ரியன் அண்ணையின் வாசலுக்கு இரண்டாம் தரம் போனது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது எத்தனையோ நாள் ஒருவர் மற்றவரைப் பார்த்து, 'பயமில்லை, வா' என்று சொல்லவேண்டி வரும். நீங்கள் அப்படிச் சொல்லுகிற ஒவ்வொரு தரமும் நான் கதவில் கைபிடி இருக்கிறதா என்று தேடுவேன். அது உங்களுக்கும் வாழ்க்கை இல்லை, எனக்கும் இல்லை.

பஸ்ரியன் அண்ணைக்கு இப்போது பேப்பர் சரியாகிவிட்டதாம். செப்டெம்பரில் பாரிக்குப் போகிறார். அதற்கு முன்னால் இங்கே வந்து அவள் இருந்த அறையையும், நடந்த பாதையையும் பார்க்கவேண்டுமாம். கூட்டிக்கொண்டு போவேன். உண்மையைச் சொல்வதா என்று அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் போகட்டும் என்று காத்திருந்தேன். அது போய்விட்டது. பதில் மாறவில்லை.

புனிதவதி